சிறார் முகத்திற் காணும் தோல் நோய்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் மருத்துவர் அல்லோம், தமிழாசிரியர். எனினும் தாய்க்கு அடுத்தபடியாகக் குழந்தையின் முகத்தை நெடுநேரம் நோக்குபவர் ஆசிரியரே யாதலின், அம்முகத்திற் காணும் தோல் நோய்கள் சிலவற்றைப் பகுத்துணரும் வகையை இன்று எடுத்துரைக்கத் துணிந்தோம். நோயைத் தீர்த்தல் மருத்துவர் கடன். அதற்குத் தவறான பெயர் சூட்டாதிருத்தல் நம் கடன்.

இதனைச் சிறு கடனென எண்ணற்க. ஒரு பெண்குழந்தையின் கன்னத்தில் வெள்ளைமறு ஒன்று தோன்றிய அளவிலே, 'குட்டம்' என்னும் சொல் அடுக்களையிற் பிறந்து தெருவிற்கு வந்துவிடுகின்றது. பின்னர் அக்குழந்தைக்குத் தனித்தட்டு, வகுப்பில் தனியிடம், சின்னாளிற் பள்ளி நிறுத்தம், வயது வந்தபின் மணப்பேச்சிற் தடை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்கின்றன. மறு மறைந்தாலும் சொல் மறைவதில்லை.

முதற்கண் தேமலைக் கூறுவோம். பழந்தமிழ்ப் புலவர் மகளிர்க்கு அழகென்று பாடிய 'சுணங்கு' என்பதற்கு உரையாசிரியர்கள் தேமல் என்றே பொருள் எழுதினர். இன்று நம் தாய்மார் தேமல் என்று அஞ்சுவதோ வேறு. 3 வயது முதல் 16 வயது வரையுள்ள சிறார்தம் கன்னங்களில் வெளிறிய திட்டுகள் தோன்றும். அவற்றின் விளிம்பு தெளிவாயிராது. மேலே தவிடு தூவினாற்போல மெல்லிய செதில் காணும். வெயிலாற் சுற்றுத்தோல் கறுக்குந்தோறும் அவ்விடம் மிகுதியாக வெளுத்துத் தோன்றும். மருத்துவர் இதனைப் பிட்டிரியாசிஸ் ஆல்பா என்பர். இது வறண்ட தோலினர்க்கு மிகுதி, பிறர்க்குத் தொற்றாது, சில திங்களிலோ, ஓராண்டு கடந்தோ தானே மறையும். தோல் வறளாமற் காக்கும் களிம்பும், வெயிலில் அலையாமையும் பெரும்பாலும் போதும். வயிற்றுப் பூச்சியே இதற்குக் காரணம் என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளது. அதற்குச் சான்று இல்லை. பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைப் பிள்ளைகள் தவறாது உண்ணல் வேண்டும்; ஆயின் அது தேமலுக்குரிய மருந்தன்று.

அடுத்தது வெண்புள்ளி. இது பால்போல் வெளுத்திருக்கும், எல்லை தெளிவாயிருக்கும், செதில் இராது, சிலர்க்குப் புருவமயிரும் அவ்விடத்தில் நரைக்கும். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்களை அழிப்பதால் உண்டாவது இது. தொடுதலாலும் உடனுண்ணலாலும் இது பரவுவதே யில்லை. முன்னோர் 'வெண்குட்டம்' எனப் பெயரிட்டமையால், தொழுநோயோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத இதற்கு அந்நோயின் பழி வந்து சேர்ந்தது. அப்பெயரை நம் நாவினின்றும் நீக்குவோமாக. தொடக்கத்திலேயே மருத்துவம் செய்தால் முகத்திலுள்ள புள்ளிகளிற் பலவற்றிற்கு நிறம் மீள்வதுண்டு.

இனித் தொழுநோய். 1873-இல் நார்வே நாட்டு ஆன்சன் என்னும் மருத்துவர் இதன் கிருமியைக் கண்டறிந்தார். இதன் திட்டு வெளிறியோ சிவந்தோ இருக்கும். பெரும்பாலும் அரிப்பு இராது. உணர்ச்சி குன்றியிருத்தலே சிறந்த அடையாளம். குழந்தையைக் கண்மூடச் செய்து பஞ்சுத் திரியால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலாற் காட்டச் சொல்லலாம். ஆயினும் ஒன்றை மறவற்க: முகத்தில் நரம்புகள் செறிந்திருத்தலின் அவ்விடத்தில் நோயிருந்தும் உணர்ச்சி நிற்பதுண்டு. ஆதலின் கை, கால், முதுகுகளிலும் திட்டு உளதோ எனப் பார்த்து, ஐயம் எழுந்தால் அரசு மருத்துவமனைக்கு உடனே செல்லல் வேண்டும். அங்கு 6 திங்கள் அல்லது 12 திங்கள் உண்ணும் கூட்டுமருந்து விலையின்றிக் கிடைக்கும். மருந்து தொடங்கிய குழந்தை பள்ளிக்கு வரத் தடையில்லை. தொழுநோயாளரைத் தனியே அடைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பெற்றது. மணவிலக்குக்கு இந்நோயைக் காரணமாகக் காட்டும் விதியும் 2019-இல் நீக்கப்பெற்றது. சட்டம் நீக்கிய பழியைச் சாதிசனம் சுமந்து திரிதல் முறையோ? தேமலைத் தொழுநோய் என்று அஞ்சுவது ஒரு தீங்கு. தொழுநோயைத் தேமல் என்று மறைத்துக் கை கால் முடங்கவிடுவது அதனினும் பெருந்தீங்கு.

தொற்றும் நோய்களுள் மூக்கையும் வாயையும் சுற்றி வருஞ் சிரங்கினைச் சொல்லல் வேண்டும். சிறு கொப்புளம் உடைந்து, தேன் உறைந்தாற்போன்ற மஞ்சட்பொருக்குப் படியும். இதனை அக்கியென்று கொண்டு காவி எழுதுவித்து நாட்கடத்துவார் உளர். இது கிருமியால் வருவது. துண்டு, தலையணை, விரல்நகம் வழியே ஒரு வீட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் பரவும். மருந்திட்டுப் பொருக்கு உலரும் வரை பிள்ளையை வீட்டில் நிறுத்துக. சிரங்கு கண்ட சில கிழமைகளில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் கறுத்தாலோ சிறுநீரகத்திற்கு ஊறு நேர்ந்ததென ஐயுற்று விரைந்து செல்க.

படர்தாமரை விளிம்பு தடித்து, நடு தெளிந்து, வளையம்போற் பரவும்; அரிக்கும்; பூஞ்சையால் வருவது; தொற்றும். கைக்குழந்தைகளின் கன்னத்திற் சிவந்து நமைக்கும் கரப்பானோ தொற்றாது. இரண்டிற்கும் ஒரே களிம்பைக் கடையிற் கேட்டு வாங்கிப் பூசுவது தவறு. ஸ்டீராய்டு கலந்த களிம்பு கரப்பானை மருத்துவர் சொன்ன அளவில் தணிக்கும். படர்தாமரைக்கோ அது முதலில் சிவப்பை மறைத்து, உள்ளே பூஞ்சையை வளர்த்துவிடும். நிறம் கூட்டுமென்று அதனை நாளும் பூசினால் முகத்தோல் மெலியும். காய்ச்சலும் இருமலும் கண்சிவப்பும் முன்வர, காதின் பின்னும் முகத்திலும் தடிப்புத் தொடங்கிக் கீழிறங்கினால் அது தட்டம்மையாகலாம். மருத்துவரிடம் காட்டத் தாழ்த்தற்க.

அன்பர்காள்! நம் சங்கத்தாரிடம் யாம் வேண்டுவன இரண்டு. நம் மாணவர் விடுதியில் ஆண்டிற்கு இருமுறை தோல் மருத்துவரை வரவழைத்துப் பிள்ளைகளைப் பார்வையிடச் செய்க. தொற்றாத மறுவொன்றைக் காட்டி நம்முள் எவரேனும் ஒரு பெண்ணின் மணத்தை மறுப்பாராயின், பெரியோர் நேரிற் சென்று உண்மை உரைக்க. தாய்மார்களே! குழந்தையின் முகத்தில் ஏதேனும் கண்டால் மறைக்கவும் வேண்டா, அலறவும் வேண்டா. பகலொளியிற் பாருங்கள், தொட்டுப் பாருங்கள், ஐயமெனின் மருத்துவரிடம் காட்டுங்கள். பெயரை அவர் சொல்லட்டும்.

நம் சிறார் நலம்பெற்று வாழ்க!