இன்று எத்தனை பொய்?

நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்



நம் பிள்ளைகளின் பள்ளி நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்னட்டையில் ருக்குன் நெகாரா அச்சாகியிருக்கும். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, இந்த நாடு எதையெல்லாம் நம்பி நிற்கும் என்று ஐந்து கொள்கைகளாக எழுதி, 1970 ஆகஸ்டு 31-இல் அறிவித்தார்கள். சபைகூடலில் அதை ஒப்பித்தே வளர்ந்தவர்கள் நாம். ஒரு நாடு தனக்காக எழுதிக்கொண்டது அது. தனி மனிதர் ஒருவர் தமக்காக எழுதிக்கொள்வது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதற்கு வழி காட்டிய ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன்.

1887-இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற மருத்துவர் 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பானுக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்ட மருத்துவமனையில் பால்மரம் வெட்டும் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். பிறகு ஜொகூரில் பணி. 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். மறு ஆண்டே ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவர்தான் சுவாமி சிவானந்தர். 1936-இல் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்துக்கு நம் பத்துமலையிலும் ஆசிரமம் உண்டு.

காவி கட்டிய பிறகும் அவருக்குள் இருந்த டாக்டர் ஓய்வெடுக்கவில்லை என்பது என் எண்ணம். அன்பர்களுக்கு இருபது அறிவுரைகளை எழுதித் தந்ததோடு அவர் நிற்கவில்லை. கூடவே ஆன்மிக நாட்குறிப்பு என்று ஒரு படிவமும் தந்தார். மாதத்துக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு கட்டம். எத்தனை மணிக்கு எழுந்தாய்? எத்தனை மாலை ஜபம்? பயன் கருதாத தொண்டு எவ்வளவு நேரம்? வீண் சகவாசத்தில் போனது எவ்வளவு நேரம்? எத்தனை முறை கோபப்பட்டாய்? எத்தனை பொய் சொன்னாய்? அதற்கு உனக்கு நீயே என்ன தண்டனை கொடுத்துக்கொண்டாய்? கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டை மாதிரி இருக்கிறது இது. நோயாளி நல்லவரா கெட்டவரா என்று அட்டை கேட்பதில்லை. இன்றைக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறது.

இன்னொன்று, உறுதிமொழிப் படிவம். நிரப்பிக் கையெழுத்திட்டு ஒரு பிரதியைத் தமக்கு அனுப்பச் சொன்னார். சாக்குச் சொல்லி நழுவ முடியாதபடி செய்த ஏற்பாடு. மனித மனத்தை நன்றாகத் தெரிந்தவர்!

தவறுகளைக் குறித்துவைக்கும் இந்த யோசனைக்கு, இருபது அறிவுரைகளில் ஒன்றில் அவரே பெஞ்சமின் பிராங்க்ளினைச் சுட்டுகிறார். பிலடெல்பியாவின் அச்சுத் தொழிலாளியான பிராங்க்ளின், பதின்மூன்று நற்குணங்களை ஒரு சிறு புத்தகத்தில் எழுதி, வாரத்துக்கு ஒன்றின்மேல் கண்ணாக இருந்தார். தவறினால் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பதின்மூன்று வாரச் சுழற்சி முடிந்ததும் பழைய புள்ளிகளை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிப்போனதால், ஈரம் தொட்டுத் துடைத்தால் போகிற தந்தத் தகடுகளுக்கு மாறினார். தாம் நினைத்ததைவிடத் தம்மிடம் குறைகள் அதிகம் என்று கண்டு வியந்ததையும் மறைக்கவில்லை.

இவர்கள் இருவரிடமும் நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. இரவில் நம்மை நாமே கேட்டால் பதில் சொல்ல முடியாத கொள்கையை எழுதிப் பயனில்லை. ‘நேர்மை’ என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத அலுவலகம் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டா? அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் எல்லாமும் நடக்கிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடை வைத்திருப்பவர், ‘சொன்ன தேதியில் பணம் கொடுத்தேனா?’ என்று எழுதிக்கொள்ளட்டும். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும்.

ஆனால் சுவாமிகள் எழுதியதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். விடிகாலை நான்கு மணிக்கு எழச் சொன்னார். போர்ட் கிள்ளானில் இரவு ஷிப்ட் முடித்து அந்த நேரத்தில் வீடு திரும்புகிறவர் என்ன செய்வார்? ஔவையின் ஆத்திசூடி கையில் இருந்தும், தம் காலத்துக்கென்று புதிய ஆத்திசூடி செய்தார் பாரதி. அதில் முதல் கட்டளையே அச்சம் கூடாது என்பதுதான். அடிமைப்பட்ட நாட்டுக் கவிஞனுக்கு அது முதலில் வந்தது. உங்களுக்கு எது முதலில் வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தண்டனைப் பத்தியையும் நான் விட்டுவிடுவேன். பழைய தவறுகளை நினைத்து மருகாதே என்றும் சுவாமிகளே அதே அறிவுரையில் சொல்லியிருக்கிறாரே!

தோல் அட்டை டைரி எதுவும் வேண்டாம். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 புத்தகம் போதும். மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம். எழுதியதை, உங்களிடம் பயமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். பிராங்க்ளின் முதலில் எழுதியவை பன்னிரண்டுதான். ‘உனக்குக் கர்வம் அதிகம்’ என்று குவேக்கர் நண்பர் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் பதின்மூன்றாவதாகப் பணிவு சேர்ந்தது. நாம் அப்படி ஒரு நண்பரைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டில் கேட்டாலே விட்டுப்போனது என்ன என்று உடனே சொல்லிவிடுவார்கள்.