மூலக் குரலைத் தேடிச் சேர்த்தல்



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். திரையில் தாய் அழுதால், பாய் விரித்து உட்கார்ந்திருந்த நம் பெண்களும் அழுவார்கள். அந்த அழுகுரல் திரைக்கு வந்து சேரும் வழியில் ஒரு பகுதியைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன்.

படம் பிடிக்கும் கேமராவே குரலையும் பிடித்துவிடும் என்று பலர் நினைப்பதுண்டு. அப்படியல்ல. குரலைப் பதியத் தனிக் கருவி உண்டு. அதற்கென ஓர் ஒலிப்பதிவாளரும் உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த போலந்துக்காரர் ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-இல் செய்த ‘நாக்ரா’ என்னும் கருவியின் வழிவந்தவை, பல ஆண்டுகள் படப்பிடிப்புகளில் இந்த வேலையைச் செய்தன. இப்போது நாடாவுக்குப் பதில் சிறிய அட்டையில் பதிகிறார்கள். கிளாப் பலகை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலகை மூடும் படத்தையும் ‘டக்’ என்ற ஓசையையும் ஒன்றாக வைத்தால், வாயசைவும் குரலும் பொருந்திவிடும். அதற்காகத்தான் அந்தப் பலகை.

தமிழ்ப் படங்களில் நெடுங்காலம் பெரும்பாலும் குரலைப் பிறகுதான் டப்பிங் பேசிச் சேர்த்தார்கள். படப்பிடிப்பில் பேசிய குரலையே வைத்துக்கொள்வதும் உண்டு. 2001-இல் வந்த ‘லகான்’ என்ற இந்திப் படம் அப்படி எடுத்ததுதான். மும்பைத் தெருக்களில் எடுத்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காகக் கேரளத்துக்காரர் ரசூல் பூக்குட்டி 2009-இல் ஆஸ்கார் பரிசில் பங்கு பெற்றார். அத்தகைய படங்களில் நான் சொல்லப்போகும் வேலைக்கு மதிப்பு அதிகம்.

நடிகர் ஒவ்வொருவர் உடையிலும் ஒரு சின்ன மைக் மறைந்திருக்கும். தலைக்கு மேலே கழியில் இன்னொன்று தொங்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவாகும். எல்லாம் கலந்த ஒரு பதிவும் கூடவே இருக்கும். படத்தை வெட்டிக் கோக்கும் எடிட்டர் பெரும்பாலும் இந்தக் கலவையை வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். பால் வெட்டுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். அவரவர் வாளியில் இருக்கும் வரை பால் தனித்தனி. தொட்டியில் ஊற்றிய பிறகு எவருடையது எது என்று பிரிக்க முடியாது. தாய் அழும்போது தகரக் கூரையில் மழை கொட்டினால், கலவையில் அழுகையும் மழையும் ஒன்றாகிவிடும். தாயின் சேலையில் செருகிய மைக்கிலோ அழுகை ஓரளவு தெளிவாக இருக்கும். ஆகவே படம் வெட்டி முடிந்ததும் வாளிகளைத் தேடிப் போக வேண்டும்.

எப்படித் தேடுவது? பதிவு ஒவ்வொன்றிலும் நேரக்குறி இருக்கிறது, ‘டைம்கோட்’ என்பார்கள். 10 மணி, 42 நிமிடம், 15 நொடி, 8-ஆம் பிரேம் என்று எழுதுவார்கள். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் எந்தப் பதிவில், எந்த நேரக்குறியில் தொடங்கி எதில் முடிகிறது என்ற பட்டியலை எடிட்டிங் கணினி எழுதித் தரும். ஒலிக்கூடத்தில் அந்தப் பட்டியல்படி மூலப் பதிவுகளை எடுத்து, அதே இடத்தில் எல்லா மைக்குகளையும் வரிசையாக வைப்பார்கள். துண்டின் இரு முனையிலும் சில நொடிகள் கூடுதலாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஓசையை மெதுவாக இணைக்க அது வேண்டும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் கேமராவின் கடிகாரமும் ஒலிக்கருவியின் கடிகாரமும் நாள் ஏற ஏறச் சிறிது விலகும். காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் சேர்த்து வைக்க வேண்டும். இன்னொன்று: 10 மணி 42 நிமிடம் தினமும் வருகிறதல்லவா? பதிவின் பெயரும் தேதியும் இல்லாவிட்டால், திங்கட்கிழமை அழுகைக்குப் பதில் செவ்வாய்க்கிழமை பேச்சு வந்து உட்கார்ந்துவிடும். ‘ஒழுங்காக இருக்கட்டும்’ என்று யாராவது மூலப் பதிவுகளின் பெயரை மாற்றி வைத்தால், என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. பதிவு பத்திரமாக இருக்கும். கணினிக்கோ அது இல்லாத பொருள்.

அப்போது என்ன செய்வார்கள்? உதவியாளர் ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேடுவார். கிடைக்காவிட்டால் நடிகையை அழைத்து, மூடிய அறையில் காதில் கருவி மாட்டி, மீண்டும் அழச் சொல்வார்கள். அன்று வந்த அழுகை பல மாதம் கழித்து அப்படியே வருமா? சிலருக்கு வருகிறது, பலருக்கு வருவதில்லை.

சேர்த்த பிறகு சரிபார்க்க ஓர் அழகான வழி உண்டு. எடிட்டர் வைத்திருந்த கலவையையும் மூலத்திலிருந்து எடுத்த கலவையையும் ஒரே அளவில் வைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி, சேர்ந்து ஓடவிடுவார்கள். இரண்டும் அச்சாக ஒன்றானால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். காதில் ஓசையே விழாது. எங்காவது ஒரு சொல் கேட்டால், அந்த இடத்தில் தவறு இருக்கிறது. அங்கே நிறுத்தித் திருத்துவார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மழையைக் குறைப்பதும் இசையைச் சேர்ப்பதும் தொடங்கும். அதை அடுத்த பேச்சில் கேட்போம்.