பரண்மேல் உறங்கும் பாட்டுப்பெட்டி



கோலியனூர் கூட்டுரோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளிலும், கல்யாணப் பந்தல் போட்ட வீட்டு வாசலிலும், உயர்ந்த மரத்தின் உச்சியிலே குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, விடியற்காலைப் பக்திப் பாட்டில் தொடங்கி இரவு வெகுநேரம் வரையில் இசைத்தட்டுகளைச் சுழல விட்டுக்கொண்டிருந்த சவுண்ட் சர்வீஸ்காரர்களை, ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980-களில் கேசட் வந்து தட்டுகளை ஒதுக்கிவிட்டது. எச்.எம்.வி., பிலிப்ஸ் முதலிய கம்பெனிகளின், தட்டு சுழற்றும் பாட்டுப்பெட்டிகளில் சில பரணுக்கும், பல பழைய இரும்புக் கடைக்கும் போயின. பரணுக்குப் போனவற்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். யந்திர வேலையில் முன்பழக்கம் சிறிதும் இல்லாத ஒருவர், தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அப்படிப்பட்ட பெட்டி ஒன்றை மீண்டும் பாட வைக்கலாம் என்பது என் திடமான நம்பிக்கை.

பெட்டியை இறக்கித் தூசி தட்டியதுமே, பாடுகிறதா பார்ப்போம் என்று பிளக்கைச் சொருகத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் காகிதக் கண்டென்சர்கள் நாளடைவில் கெட்டிருக்கும். எலி கடித்த ஒயர் உலோகத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கவும் கூடும். மின்சாரப் பகுதியை மட்டும் அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவதே விவேகம்.

எஞ்சியது உங்கள் வேலை. ஓடாமல் நின்றுபோன பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வியாதி ஒன்றே: இறுகிப்போன கிரீஸ். தட்டு அமரும் சுழல்மேடையை மெல்லக் கழற்றிப் பார்த்தால், அச்சைச் சுற்றிலும் பண்ருட்டிப் பலாப்பழத்துப் பிசினைப் போல அது கெட்டிப்பட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அதைத் துடைத்து, அடியில் பால்ரஸ் குண்டுகள் இருந்தால் ஒன்றும் தவறிவிடாமல் கிண்ணத்தில் எடுத்துவைத்து, சுத்தம் செய்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டொரு சொட்டு விட்டால், விரலால் தள்ளிய மேடை நெடுநேரம் சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்ணால் காண்பீர்கள். மோட்டாரின் சுழற்சியை மேடைக்குக் கொடுக்கும் சிறிய ரப்பர் சக்கரத்தில் மாத்திரம் எண்ணெயோ மண்ணெண்ணெயோ படலாகாது. அதன் விளிம்பு பளபளப்பேறி வழுக்கினால், நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். ஆனால் வேகத்தை மாற்றும் பிடியை ஒரே நிலையில் விட்டுவைத்ததால் ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தால், சக்கரத்தையே மாற்றியாக வேண்டும்.

அடுத்தது வேகம். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும் என்பதால், சங்கீதத்தில் பற்றுள்ளவர்கள் இதில் அலட்சியமாக இருக்க முடியாது. இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் அவசியமில்லை. நம் வீட்டு மின்சாரத்தில் எரியும் பழைய சோக் போட்ட டியூப் லைட், விநாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. வட்டமான காகிதத்தில் சம இடைவெளியில் 180 கோடுகள் வரைந்து மேடைமேல் வைத்து அந்த வெளிச்சத்தில் சுழலவிட்டால், நிமிஷத்துக்கு முப்பத்துமூன்றேகால் சொச்சம் சுற்றவேண்டிய நீண்டநேரத் தட்டின் வேகம் சரியாக இருக்கும்போது, கோடுகள் நகராமல் நிற்பதுபோல் தோன்றும். 78 வேகத்துக்கு 77 கோடுகள்.

இவ்வளவையும் செய்து முடித்தபின், ஊசி விஷயத்தில் அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கிறது. 1963-இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் போன்ற நீண்டநேரத் தட்டில் ஊசி ஓடும் வரி மிக நுண்மையானது; அரக்கினால் செய்த பழைய 78 தட்டின் வரியோ ஏறத்தாழ மூன்று மடங்கு பருத்த ஊசியை வேண்டுவது. ஆகையால் இரண்டுக்கும் வெவ்வேறு ஊசி. தேய்ந்த ஊசி உளியாக மாறி வரியைச் செதுக்கிவிடும். பழைய பெட்டிகள் பலவற்றில் ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி ரோஷல் உப்புப் படிகத்தால் ஆனது. ஈரத்தில் கரையும் சுபாவமுடைய அது, புதுச்சேரிக் கடற்காற்று எட்டும் நம் பக்கத்தில் நெடுங்காலம் தாங்குவதில்லை. ஓசையே வரவில்லையானால், ஊசிக்கையை அழுத்திப் பார்க்காமல், அந்தப் பகுதியை மாற்றிவிடுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் ஒருபோதும் துடைக்கவேண்டாம். அரக்கு அதில் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீர் தோய்த்த மென்துணி போதும்.

பெட்டியின் எந்த உறுப்புக்கும் மாற்று தேடிக்கொள்ளலாம். சிதைந்த வரிக்கு மாற்று கிடையாது. 1933-இல் காலமான எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது, அவர் பாடிய 78 தட்டுகளால்தான். அத்தகைய தட்டு எந்த வீட்டுப் பரணில் எந்தச் சாக்குக்குள் கிடக்கிறதோ, யார் அறிவார்?

ஆகவே, பெட்டியைப் பழுது பார்க்க இப்போது அவகாசம் இல்லாத நேயர்களும் ஒரு காரியம் மட்டும் செய்ய வேண்டுகிறேன். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்காமல், காகித உறையிட்டு, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள்.