பட்டாளத்துக்காரனுக்கு வீடு கொடுத்த கதை

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



யுத்தம் நடக்கிறபோது பட்டாளத்துக்காரனுக்கு மாலை போடுவார்கள். யுத்தம் முடிந்து, "நான் குடியிருக்க இடம் எங்கே?" என்று அவன் கேட்டால் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். ஆளும் வர்க்கத்தின் பழைய வழக்கம் இது.

ஆனால், "அமெரிக்காவைப் பாருங்கள், யுத்தத்திலிருந்து திரும்பியவர்களுக்கெல்லாம் சொந்த வீடு கிடைத்ததே!" என்று நம்மிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. அந்தச் சட்டம் எப்படி வந்தது? வீடு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? இதை இன்று நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

முதல் உலக யுத்தத்தில் சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 1924-ல் போனஸ் கொடுக்கச் சட்டம் செய்தார்கள். ஆலைத் தோழர்களுக்குப் போனஸ் என்றால் சொல்லித் தர வேண்டியதில்லை. கையில் பணம் வரவில்லை, காகிதம்தான் வந்தது. 1945 வரை காத்திரு என்றார்கள். இடையில் 1929-ல் பெரும் நெருக்கடி வந்தது, ஆலைகள் மூடின, வேலை போயிற்று. 1932 கோடையில் சுமார் இருபதாயிரம் முன்னாள் சிப்பாய்கள் தலைநகர் வாஷிங்டனில் கூடினார்கள். பலர் பெண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அனகோஸ்டியா ஆற்றோரத்தில் தகரத்தாலும் பெட்டிப் பலகையாலும் குடிசை போட்டு, "போனஸை இப்போதே கொடு" என்றார்கள்.

கிடைத்த பதில் என்ன? 1932 ஜூலை 28-ந் தேதி போலீஸ் சுட்டதில் முன்னாள் சிப்பாய்கள் இருவர் உயிரிழந்தார்கள். அன்றே ஜெனரல் மக்கார்தர் தலைமையில் குதிரைப்படையும் டாங்கிகளும் வந்தன. கண்ணீர்ப்புகை அடித்து ஜனங்களை விரட்டினார்கள். குடிசைகள் தீயில் எரிந்தன. நாட்டுக்காகச் சண்டையிட்டவன் மீது அதே நாட்டின் பட்டாளம்! ஆனாலும் சிப்பாய்கள் விடவில்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மறுத்தும்கூட, 1936-ல் போனஸ் சட்டம் நிறைவேறியது.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர்கள் ராணுவ உடை அணிந்தார்கள். இவர்களும் திரும்பி வந்து ஆற்றோரத்தில் குடிசை போட்டால்? இந்தப் பயம் ஆட்சியாளர்களைப் பிடித்தது. 1944 ஜூன் 22-ல் புதிய சட்டம் வந்தது. படிப்புக்குப் பணம், வேலை கிடைக்கும்வரை வாரம் 20 டாலர் வீதம் ஓராண்டு வரை உதவி, வீடு வாங்கக் கடனுக்குச் சர்க்கார் ஜாமீன். வட்டி நூற்றுக்கு நாலுக்கு மேல் கூடாது. முன்பணம் இல்லாமலே பலர் வீடு வாங்கினார்கள். 1952-க்குள் ஏறக்குறைய 24 லட்சம் வீட்டுக் கடன்களுக்குச் சர்க்கார் ஜாமீன் நின்றது.

இது உண்மையான ஆதாயம்தான், நாம் மறைக்கவில்லை. வாடகை அறையில் அடைந்து கிடந்த எத்தனையோ தொழிலாளிக் குடும்பங்கள் சொந்த வாசலில் நின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே. சர்க்கார் ஜாமீன்தான் கொடுத்தது. கடன் கொடுத்தவன் பாங்கு முதலாளி. கையெழுத்துப் போடுவதும் மறுப்பதும் அவன் இஷ்டம்.

பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பினத்தவரும் அந்த யுத்தத்தில் சேவை செய்தார்கள். சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. ஆனால் மிஸிஸிப்பி மாகாணத்தின் ஜனத்தொகையில் அந்தக் காலத்தில் ஏறக்குறைய பாதி கறுப்பர்களாக இருந்தார்கள். அங்கே 13 நகரங்களில் 1947-ல் எடுத்த கணக்கு என்ன சொல்கிறது? வீடு, பண்ணை, தொழில் ஆகியவற்றுக்காக ஜாமீன் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பினச் சிப்பாய்க்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு! கறுப்பர் வாழும் பகுதிகளுக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்று சர்க்காரின் வீட்டு வசதி இலாகாவே விதி வகுத்திருந்தது.

1947 முதல் நியூயார்க் நகரத்தை அடுத்து லெவிட் கம்பெனி பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டிற்று. ஆலையில் மோட்டார் செய்வதுபோல் வேலையைச் சிறு சிறு துண்டாகப் பிரித்து, தொழிற்சங்கத்தில் சேராத ஆட்களைக் கொண்டு கட்டினார்கள். 1949-ல் ஒரு வீடு 7,990 டாலர். வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். சொந்த வீடும் நிலமும் உள்ளவன் கம்யூனிஸ்டாக முடியாது என்று லெவிட் முதலாளி பகிரங்கமாகவே சொன்னார். வீட்டோடு சேர்த்து எதை விற்க நினைத்தார் என்பது இதிலிருந்தே தெரிகிறது!

பென்ஸில்வேனியாவில் அதே கம்பெனி இன்னொரு லெவிட்டவுன் கட்டிற்று. பக்கத்து உருக்காலைத் தொழிலாளர் பலர் அங்கே குடியேறினார்கள். 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி மூன்று குழந்தைகளோடு அங்கே வந்தார்கள். வில்லியமும் ராணுவத்தில் பணியாற்றியவர்தான். ஆனால் கும்பல் கூடிற்று. ஜன்னலில் கல் விழுந்தது. பல நாள் தொல்லை தொடர்ந்தது. "கறுப்பன் வந்தால் நம் வீட்டு விலை இறங்கிவிடும்" என்ற பேச்சு ஊரெங்கும் பரவியிருந்தது. தவணை கட்டும் உழைப்பாளியை இன்னொரு உழைப்பாளியின் வாசலில் கல்லோடு நிறுத்தியது அந்தப் பயம்தான்.

ஆனால் பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் மையர்ஸ் குடும்பத்துக்குத் துணை நின்றது. வேறு சில வெள்ளையரும் காவலிருந்தார்கள். நீதிமன்றம் தொல்லைக்காரர்களுக்குத் தடை போட்டது. மையர்ஸ் குடும்பம் ஓடவில்லை. 1961 வரை அங்கேயே வாழ்ந்தது.

வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் நிற பேதம் கூடாது என்ற சட்டம் 1968 ஏப்ரலில் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குப் பிறகு. அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. மலிவாக வாங்கிய வீட்டை வெள்ளைச் சிப்பாய் பிள்ளைக்கு விட்டுப் போனான். கறுப்புச் சிப்பாய் வாடகை ரசீதை விட்டுப் போனான். அந்த நஷ்டத்துக்குப் பரிகாரம் கேட்டு, வாரிசுகளுக்காக 2021-ல் அமெரிக்கப் பார்லிமெண்டில் மசோதா கொண்டு வந்தார்கள்.

தோழர்களே! அந்தச் சட்டம் ஆட்சியாளரின் கருணையில் பிறக்கவில்லை. அனகோஸ்டியா ஆற்றோரத்துக் குடிசைகள்தான் அதற்கு அஸ்திவாரம். ஆனால் போராடிப் பெற்ற உரிமையை பாங்கு முதலாளியின் கையெழுத்துக்கு விட்டதால் கறுப்பினச் சிப்பாய்க்குக் கதவு சாத்தப்பட்டது.

ஆகவே மனை என்றும் வீடு என்றும் கடன் என்றும் எந்தச் சட்டம் வந்தாலும் நாம் இரண்டு கேள்வி கேட்போம். கடைசிக் கையெழுத்து யாருடையது? பட்டியலில் ஊரும் சேரியும் சேர்ந்து இருக்கிறதா? நம்மில் ஒருவன் பெயர் விடுபட்டிருந்தாலும், நம் பெயர் இருக்கிறதே என்று வீட்டுக்குப் போய்விடாமல் அவனோடு நிற்போம். சங்கம் என்பது அதற்குத்தான்.