எது ஒத்துக்கலைன்னு எழுதிப் பார்ப்போம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது படித்த குடும்பப் பெண். வைத்தியம் சொல்ல வரவில்லை. அடுப்படியில் நாமே கவனிக்கக்கூடிய ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கேன்.

குழுக் கூட்டத்துல அடிக்கடி காதில் விழுற பேச்சு, "எனக்கு கேஸ் டிரபிள்க்கா, எதைத் தின்னாலும் வயிறு ஊதிக்குது" என்பதுதான். உடனே பாலை விடு, பருப்பை விடு, முட்டையை விடுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எல்லாத்தையும் விட்டால் மிஞ்சுவது சோறும் ரசமும்தான். ஏற்கெனவே நம்மில் நிறைய பேருக்கு ரத்தம் கம்மி. அதனால் எது ஒத்துக்கலைன்னு சரியாகத் தெரிஞ்சுக்கிட்டு, அதை மட்டும் குறைக்கணும்.

முதலில் ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒண்ணு அலர்ஜி. சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள உடம்பெல்லாம் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சுத் திணறும். வேர்க்கடலை, முந்திரி, முட்டை, பால், மீன், இறால் இதெல்லாம் சிலருக்கு அப்படிச் செய்யும். இது உயிருக்கே ஆபத்து. கை வைத்தியம் பார்க்காம உடனே 108-ஐ கூப்பிடணும். அந்தப் பொருளை "கொஞ்சமா குடுத்துப் பார்ப்போம்"னு வீட்டில் சோதிக்கவே கூடாது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி உடைக்கிற அக்காமார்களுக்குத் தோட்டு எண்ணெய் பட்டுக் கை புண்ணாகும். அது வேற, முந்திரிப் பருப்பு தின்னு வர்ற அலர்ஜி வேற.

ரெண்டாவது, செரிக்காமல் வருவது. வயிறு உப்பும், இரையும், பேதியாகும். தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. பாலில் ஒரு சர்க்கரை இருக்கு. அதைச் செரிக்க வைக்கிற சுரப்பு, வயசு ஏற ஏற நிறைய பேருக்குக் குறைஞ்சுடும். வட இந்தியாவைவிட நம்ம தென்னிந்தியாவில் இது அதிகம். செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் போய்ப் புளிச்சு வாயுவாகுது. என் மாமியாருக்கு ஒரு டம்ளர் பால் குடிச்சால் வயிறு கடமுடாங்கும். மோர் குடிச்சால் ஒண்ணும் செய்யாது. உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை உறைமோர்க் கிருமியே தின்னுடுது. பாலைக் குறைக்கிறவங்க கேழ்வரகைச் சேர்த்துக்கணும். 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, 100 கிராம் கேழ்வரகில் 300-க்கும் மேல.

நம்ம ஊர்ச் சின்ன வெங்காயமும் சிலருக்கு இப்படித்தான் வாயு பண்ணும். அவங்க வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி எடுத்துட்டு, அந்த எண்ணெயில் தாளிச்சால் வாசம் வரும், தொல்லை குறையும். கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் இரவே ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேக வைங்க.

சரி, கண்டுபிடிக்கிறது எப்படி? குழுவில் வரவு செலவு எழுதுற மாதிரி ஒரு நோட்டுப் போடுங்க. என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, அப்புறம் வயிறு என்ன செஞ்சதுன்னு ரெண்டு வாரம் எழுதுங்க. சந்தேகப்படுற பொருளில் ஒண்ணே ஒண்ணை மட்டும் ரெண்டு, மூணு வாரம் நிறுத்துங்க. பிறகு கொஞ்சம் கொஞ்சமா திரும்பச் சேருங்க. தொல்லை மறுபடி வந்தால் அதுதான் காரணம். வரலைன்னா அந்தப் பொருள் மேல பழி போடாதீங்க. கோதுமை மேல சந்தேகம்னா மட்டும், நிறுத்துறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க. நிறுத்தின பிறகு ரத்தப் பரிசோதனையில் சரியாத் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேக்காம எதையும் நிறுத்தக் கூடாது.

சாப்பாட்டை மட்டும் குத்தம் சொல்லியும் பயனில்லை. காலையில் வெறும் டீ, மத்தியானம் எல்லாருக்கும் போட்டுட்டு மூணு மணிக்கு அவசர அவசரமா அள்ளிப் போட்டுக்கிறோம். அதுவும் வயித்தைக் கெடுக்கும். நேரத்துக்கு உக்காந்து மென்னு சாப்பிடணும். ராத்திரி சாப்பிட்டதும் படுக்காம வாசலில் கொஞ்சம் நடக்கணும். சாப்பாட்டோட டீ வேண்டாம், அது இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. உடம்பு இளைச்சாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, வயித்துவலி தூக்கத்தைக் கெடுத்தாலோ, நோட்டை எடுத்துக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிடுங்க.

கடைசியா, சத்துமாவு, பலகாரம் செஞ்சு விக்கிற குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். பாக்கெட்டில் அடைச்சு விக்கிற உணவில் கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, சோயா இருந்தால் லேபிளில் எழுதணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ம் ஆண்டு விதி சொல்லுது. நம்ம மாவு யார் வீட்டுப் பிள்ளை வாய்க்குப் போகுதுன்னு நமக்குத் தெரியாது. "இதில் வேர்க்கடலை, முந்திரி உள்ளது"ன்னு ஒரு வரி போடுறதில் நமக்கு நஷ்டம் இல்லை. அந்த ஒரு வரி ஒரு பிள்ளையைக் காப்பாத்தும்.