கூத்தன் பெயர் கல்லில். பாவலன் பெயர் எங்கே?

(ஒரத்தநாட்டில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூரினின்று வடக்கு நோக்கிப் புறப்பட்டால் ஒரு மணி நேரத்திற்குள் தஞ்சைப் பெரிய கோயிலை அடைந்துவிடலாம். அங்குள்ள கல்வெட்டுகளுள் ஒன்று இரண்டாம் இராசேந்திரச் சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், அஃதாவது 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெட்டப்பெற்றது. வைகாசிப் பெருவிழாவில் இராசராசேச்சுர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பானுக்கு நாள்தோறும் ஒரு தூணி நெல்லாக, ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்க வேண்டும் என்பது அதன் செய்தி. மூன்று தூணி ஒரு கலம். 360 நாளுக்கு 120 கலம். கணக்குப் பிசகவில்லை என்பதை இங்கு அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

ஆடியவன் பெயர் உண்டு. அவன் தாங்கிய விசயராசேந்திர ஆசாரியன் என்னும் பட்டப்பெயரும் உண்டு. நெல்லின் அளவு உண்டு. அக்கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்குக்கூட ஆடவல்லான் என்று பெயர் உண்டு! நாடகத்தை யாத்தவன் பெயர் மட்டும் இல்லை. நாடகமும் இல்லை, ஓர் ஏடும் கிடைத்திலது.

இராசராசனின் வாழ்வையே அந்நாடகம் காட்டிற்று என்பார் சிலர். கோயில் எழுந்த வரலாறே அது என்பார் வேறு சிலர். திருமுதுகுன்றனே எழுதி, அவனே ஆடினான் என்று கொள்வாரும் உளர். இருக்கலாம். ஆயினும் கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. அது வரவுசெலவு கண்டோர் வெட்டுவித்த கல். யாருக்கு நெல் அளப்பது என்பதே அதன் கவலை. பாட்டெழுதியவனுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லாமற் போயிற்று.

இனி, கடல் கடந்து ஆங்கிலேயரின் நாட்டைப் பார்ப்போம். அங்கே நிலைமை தலைகீழ். நாடகங்கள் இருக்கின்றன, எழுதியவன் பெயரும் அவற்றின்மேல் அச்சாகி இருக்கின்றது. ஆனால் அவன் எழுதவில்லை என்று வழக்காடுகிறார்கள்! சேக்சுபியர் 1616இல் இறந்தார். தோலுறை தைத்து விற்றவரின் மகன்; பல்கலைக்கழகம் மிதியாதவர்; மேடையில் வேடம் கட்டியவர். அவர் இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 1857இல் தெலியா பேக்கன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, பிரான்சிசு பேக்கன் முதலிய பெருமக்கள் மறைந்து நின்று எழுதினர் என்று நூல் வெளியிட்டார். 1920இல் தாமசு உலூனி என்பவர் ஆக்சுபோர்டுக் கோமகனே ஆசிரியர் என்றார். மார்க்கு துவைன் போன்ற எழுத்து வல்லாரும் சிக்மண்டு பிராய்டு போன்ற அறிஞரும் இவ்வையப் பேரணியில் சேர்ந்துகொண்டனர். பேரறிஞர்க்கும் தம் துறைக்கு வெளியே கால் இடறும் போலும்!

இவர்களின் வழக்குக்கு அடிப்படை என்ன? ஏடா, கையெழுத்தா, கண்டவர் சான்றா? ஒன்றும் இல்லை. அரசவையை அறியாத ஒருவன் அரசரைப் பற்றி எழுதுவதா? எளிய குடியில் பிறந்தவனுக்கு இத்துணைச் சொல்வளம் எங்கிருந்து வந்தது? வழக்கின் வேர் இதுதான். ஆக்சுபோர்டுக் கோமகன் 1604இலேயே மாண்டு போனார். ‘புயல்’ என்னும் நாடகமோ 1611இல் அரசவையில் நடிக்கப்பெற்றது. 1609இல் பெர்முடாத் தீவருகே நேர்ந்த கப்பற் சேதத்தின் செய்தி அந்நாடகத்தில் எதிரொலிக்கின்றது என்பர் ஆய்வாளர். மாண்டவர் எழுதி வைத்துப் போனார் என்று இதற்கும் ஒரு விடை வைத்திருக்கிறார்கள்!

மறுபக்கச் சான்றுகளைக் காண்க. 1592இல் இராபர்ட்டு கிரீன் என்பவர் பெயரில் வெளிவந்த சிறுநூல் ஒன்று, வேடம் கட்டுகிறவன் பாட்டெழுதவும் துணிந்துவிட்டானே என்று எள்ளி நகையாடியது. பகைவன் வாயிலிருந்து வந்த சான்று அது. நண்பன் சான்றினும் வலியது. 1598இல் பிரான்சிசு மியர்சு பன்னிரண்டு நாடகங்களைப் பெயர் சுட்டிச் சேக்சுபியருடையன என்று எழுதினார். அவருடன் ஒரே மேடையில் நின்ற எமிஞ்சும் காண்டெலும் 1623இல் 36 நாடகங்களைத் தொகுத்து அச்சேற்றினர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி அதுவரை அச்சு வடிவம் காணாதவை. அவ்விருவர்க்கும் நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ளச் சேக்சுபியர் தம் இறுதிமுறியில் பணம் ஒதுக்கியிருந்தார். கூத்தர் இருவர் தம் தோழனுக்குச் செய்த அந்தக் கடமை இல்லையேல், ‘மேக்பெத்து’ நமக்குக் கிடைத்திராது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் அவர் தனித்தே எழுதினார் என்பதும் பொருந்தாது. சில நாடகங்களில் பிளெட்சர் கை கலந்திருக்கிறது. 2016இல் வந்த ஆக்சுபோர்டுப் பதிப்பு ஆறாம் என்றி நாடகங்களில் மார்லோவுக்கும் பங்கு உண்டென்று பெயரிட்டது. சொல்லாட்சியை எண்ணி, ஒப்பிட்டு, அடிக்கு அடி ஆய்ந்து கண்ட முடிபு அது. அதனை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அதன் பெயர் ஆராய்ச்சி. குடிப்பிறப்பைப் பார்த்து நூலைப் பறிப்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

இந்தப் பறிப்பு தமிழர்க்குப் புதிதன்று. திருவள்ளுவரின் பிறப்பைப் பற்றி வழங்கும் பழங்கதையை நினைத்துப் பாருங்கள். தந்தை பகவன் என்னும் பார்ப்பனர், தாய் ஆதி என்னும் புலைமகள் என்று அக்கதை போகிறது. குறளை வள்ளுவரிடமிருந்து பறிக்க இயலவில்லை. ஆகவே வள்ளுவரின் அறிவுக்கு வேறொரு மரபில் தந்தை தேடினார்கள்! இலண்டனில் கோமகன்; இங்கே பகவன். சான்று இரண்டிடத்தும் ஒன்றே: வெறுங்கை.

அதே அளவுகோலை நம்மீதும் வைத்துக்கொள்ள வேண்டும். இராசராசேச்சுர நாடகத்தை எழுதியவர் இன்னார் என்று, நமக்குப் பிடித்த ஒரு பெரும்பெயரை அந்த வெற்றிடத்தில் செருகிவிட ஆவல் எழும். அவ்வாறு செருகினால் உலூனிக்கும் நமக்கும் வேறுபாடு இராது.

இவ்வூரில் முத்தாம்பாள் பெயரால் அறச்சாலை எழுப்பிய சரபோசி மன்னரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து எழுந்த குறவஞ்சி, அதே பெரிய கோயிலில் ஆடப்பெற்றது. நூற்பெயரில் நிற்பவர் மன்னர்தாம். ஆயினும் பாடியவர் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் என்பது மறையவில்லை. ஏடு நின்றது, பெயரும் நின்றது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அதே முற்றத்தில் நாடகம் யாத்தவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அடுத்த முறை பெரிய கோயிலுக்குச் செல்வோர், வழிபாடு முடிந்து திரும்புமுன், அங்குள்ள கல்வெட்டு வரிகளின்முன் சற்றே நின்று எழுத்துக்கூட்டிப் படிக்க முயலுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.