மோகினித் தீவும் எங்கள் ஊர் வாசகர்களும்



கல்கி எழுதிய நாவல்களில் 'பொன்னியின் செல்வன்' தெரியாதவர்கள் குறைவு. 'மோகினித் தீவு' என்று ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது என்றால், அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஒரு மத்தியானத்தில் படித்து முடித்துவிடலாம். இரண்டாம் உலகப் போர்க் காலம். பர்மாவில் குண்டு விழுகிறது. அங்கிருந்து தப்பிக் கப்பலேறிய ஒரு தமிழர், வழியில் கப்பல் ஒதுங்கி நின்ற தீவில் இறங்குகிறார். ஆள் நடமாட்டம் இல்லாத தீவு. ஆனால் மண்டபங்களும் சிலைகளுமாகக் கிடக்கிறது. அங்கே நிலா வெளிச்சத்தில் ஒரு காதல் ஜோடியைப் பார்க்கிறார். சுகுமாரன் சோழ இளவரசன், புவனமோகினி பாண்டிய இளவரசி. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்க வேண்டியவர்கள், அவர் எதிரில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். அதுவும் எப்படி? அவன் கொஞ்சம் சொல்ல, இவள் குறுக்கே புகுந்து திருத்த, அவன் விட்டுக்கொடுக்க, மறுபடி அவள் தொடர என்று, கல்யாண வீட்டில் வயதான தம்பதிகள் பழங்கதை பேசுகிற மாதிரி. இவர்கள் ஆவிகளா, சிலைகளா, கனவா என்பதைக் கல்கி நம் கையில் விட்டுவிடுகிறார்.

திட்டக்குடியில் நாங்கள் சிலர் மாதம் ஒரு புத்தகம் படித்துவிட்டுக் கூடிப் பேசுகிறோம். இதைப் படிக்கலாம் என்று சொன்னவன் நான். லேசான கதைதானே, சிரித்துப் பேசிவிட்டுக் கலைந்துவிடுவோம் என்று எண்ணியிருந்தேன். அன்றைக்கு நடந்த வாக்குவாதம் அதற்கு முன் எந்தப் புத்தகத்துக்கும் நடந்ததில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

கூட்டத்தில் மிகவும் கோபமாக இருந்தவள் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண். தகப்பனைக் காப்பாற்ற சுகுமாரன் மதுரைக்கு வருவது சிற்பியின் சீடனாக, மாறுவேடத்தில். தான் சோழ இளவரசன் என்பதை மறைத்துத்தான் பாண்டியன் மகளோடு பழகுகிறான். "ஆயிரம் வருஷத்து ஆவி வந்து கதை சொல்லுதுன்னா சரின்னு நம்பிட்டேன் சார். பேரை மறைச்சிப் பழகறவனை எப்படி நம்பறது? அவன் அப்பாவைக் காப்பாத்த இவ தேவைப்பட்டா, அவ்வளவுதானே?" என்று கேட்டாள். இன்னொரு பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா அவளுக்குத் தெரிஞ்ச பிறகும் அவ அவனை விடலையே, அதுக்கு என்ன சொல்றே?" என்று மடக்கினார். இருவருக்கும் நடுவில் ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

பகுத்தறிவு இயக்கத்தில் இளம் வயதிலிருந்தே ஊறிய பெரியவர் ஒருவர் எங்களோடு படிக்கிறார். அவர் இந்தக் கதையைக் கிழித்துப் போடுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஆவியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கதைக்குள் புவனமோகினியின் தகப்பன் பராக்கிரம பாண்டியன், தோற்றுப்போன சுகுமாரனின் தகப்பன் உத்தம சோழனைத் தேர்க்காலில் கட்டி மதுரை வீதியில் இழுத்துப் போகிற இடம் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டார். "பெண் கொடுக்க எடுக்க வந்த மானப் பிரச்சினைக்கு ஒரு யுத்தம். அதில் செத்தவன் வீட்டுக் கதையை எந்தத் தீவில் போய்க் கேட்பது?" என்றார். காதல் இனிக்கிறது, அந்த இனிப்புக்கு விலை கொடுத்தவர்கள் கதையில் இல்லை என்பது அவர் வருத்தம். எனக்கு அது நெஞ்சில் தைத்தது.

ஒரு பெரியம்மா சொன்னதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய தகப்பனார் ரங்கூனில் வேலை பார்த்தவர். 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். லட்சக்கணக்கானவர்கள் காட்டிலும் மலையிலும் நடந்து அசாம் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார்கள், வழியில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். பெரியம்மாவின் தகப்பனாரும் நடந்து வந்தவர்தான். "கப்பல்ல வந்தவருக்கு மோகினி தெரிஞ்சா. எங்கப்பாவுக்கு வழியெல்லாம் பொணந்தான் தெரிஞ்சிருக்கு" என்றார். ஆனால் அவர் புத்தகத்தை வெறுக்கவில்லை. தன் அப்பா ஒரு நாள்கூட வாய்திறந்து சொல்லாத ஒரு காலத்தை, இவ்வளவு அழகான பொய்க்கு வாசலாகக் கல்கி வைத்தாரே என்று அதிசயப்பட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை படித்தாராம்.

இத்தனை பேரும் சண்டை போட்டார்களே, ஒருவராவது ஆவி உண்டா இல்லையா என்று சண்டை போட்டார்களா? இல்லை. இதுதான் என்னை யோசிக்க வைத்தது. அதிசயத்தை வாசகர்கள் முதல் பக்கத்திலேயே மன்னித்துவிடுகிறார்கள். மன்னிக்காமல் விடாப்பிடியாக நிற்பது காதலில் நியாயம் இருக்கிறதா என்கிற இடத்தில்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. எங்கள் நடுநாட்டிலேயே பிறந்த ஒருவருடைய கதையில் இதே சண்டை நடந்திருக்கிறது. திருநாவலூரில் பிறந்த சுந்தரரைச் சொல்கிறேன். எங்கள் விருத்தாசலத்துக்கு, அந்தக் காலத்துத் திருமுதுகுன்றத்துக்கு, அவர் வந்து பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறாரே என்று அவர் மனைவி பரவையார் நம்பாமல் புன்னகைத்தாராம். மனைவியின் முகத்துக்கு நேரே தன் வாக்கைக் காப்பாற்றிக் கொடு என்று சுந்தரர் சிவபெருமானிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

அடுத்து நடப்பது இன்னும் வேடிக்கை. சுந்தரர் திருவொற்றியூர் போகிறார். அங்கே சங்கிலியாரைப் பார்த்து மணக்க விரும்புகிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்ய வேண்டும். எப்படியும் மீறப் போகிற சத்தியம். ஆகவே சத்தியம் செய்கிற நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சுவாமியிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். சுவாமி சரி என்றுவிட்டு, நேரே சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழமரத்தடியில் கேள் என்று சொல்லிவிடுகிறார்! சத்தியம் மீறிக் கண்பார்வை போய், மெல்ல மெல்ல அது திரும்பி, திருவாரூருக்கு வந்தால் பரவையார் கதவைத் திறக்கவில்லை. சங்கிலியாரை மணந்த செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அப்போதுதான் சுந்தரர், நள்ளிரவில், தன் தோழனான சிவபெருமானைத் தூது போகச் சொல்கிறார். அவரும் அர்ச்சகர் உருவத்தில் நடந்து போகிறார். பரவையார் மறுத்து அனுப்பிவிடுகிறார். இரண்டாம் முறை தன் உருவத்தோடேயே போன பிறகுதான் சமாதானம்.

அமானுஷ்யம், விளையாட்டு, காதல், ஊடல் எல்லாம் இதில் இருக்கிறது. இதற்கு வந்த எதிர்ப்பும் சாதாரணமானதல்ல. திருப்பெருமங்கலத்தில் ஏயர்கோன் கலிக்காமர் இதைக் கேள்விப்படுகிறார். கடவுள் தெருவில் நடந்து வருவாரா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம், ஒரு பெண்ணின் கோபத்தைத் தீர்க்க ஆண்டவனை ஏவலாளாக அனுப்பலாமா, அனுப்பியவன் அடியவனா என்பதுதான். சிவபெருமான் அவருக்குக் கடுமையான சூலை நோயைக் கொடுத்து, சுந்தரன் வந்தால்தான் தீரும் என்கிறார். அவன் வந்து தீர்ப்பதைவிடச் சாவது மேல் என்று கலிக்காமர் வாளால் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். கணவர் பிணமாகக் கிடக்கும்போது, அவருடைய மனைவியார் அழுகையை அடக்கச் சொல்லி, விருந்தாளியாக வருகிற சுந்தரரை முறைப்படி வரவேற்கிறார். கணவர் தூங்குகிறார் என்று வீட்டு ஆட்களைச் சொல்லச் செய்கிறார். உண்மை தெரிந்த சுந்தரர் தானும் வாளை எடுக்க, கலிக்காமர் திருவருளால் உயிர்த்தெழுந்து அவர் கையைப் பிடித்துத் தடுக்கிறார். அதற்குப் பிறகு இருவரும் நண்பர்கள்.

இதில் நான் திரும்பத் திரும்ப வியப்பது பெரியபுராணம் பாடிய சேக்கிழார் செய்த ஒரு காரியத்தை. பரவையாரிடம் தூது போன கதையை அவர் எந்தப் பகுதியில் சொல்கிறார்? ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள்! காதல் கதையை, அந்தக் காதல் கதையைப் பிடிக்காதவருடைய வரலாற்றுக்குள் உட்கார வைத்துச் சொல்கிறார். மறுத்தவரை விரட்டவில்லை, மட்டம் தட்டவில்லை. அவரும் அறுபத்துமூவரில் ஒருவர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே தமிழில் ஒரு கவிஞர், இந்தக் கதையை விரும்புகிறவர்களும் வெறுக்கிறவர்களும் ஒரே பக்தி உள்ளவர்கள்தான் என்று அறிந்து எழுதியிருக்கிறார். பெரியபுராணத்தைப் பக்தி நூல் என்று சொல்லி அலமாரியில் பூட்டி வைக்கிறோமே என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். காதல் கதை எழுத நினைக்கிற இளைஞர்கள் இந்தப் புராணத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

கலிக்காமரைப் போலவே பரவையாரையும் நான் ஒரு வாசகராகத்தான் பார்க்கிறேன். முதல் முறை தூது வந்தபோது, இது பொருந்தாது என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. சங்கிலியாரின் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், எங்கள் கல்லூரிப் பெண்ணின் கோபத்துக்கும் பரவையாரின் கோபத்துக்கும் எவ்வளவு தூரம்?

நவீன காலத்துக்கு வருவோம். அதே நடுநாட்டில், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். 1943-இல் அவருடைய 'காஞ்சனை' கலைமகளில் வந்தது. எழுத்தாளன் ஒருவனும் அவன் மனைவியும் வாழும் வீட்டுக்குள், பிச்சைக்காரியாக வந்து வேலைக்காரியாகத் தங்கிவிடும் ஒரு பெண்ணின் கதை. அவள் யார் என்று தெரியாமலே கதை முடிந்துவிடும். கதை வந்த பிறகு, பேயில் நம்பிக்கை வந்துவிட்டதா என்று அவரைக் கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அந்தக் கதையின் பெயரிலேயே வெளிவந்த தொகுப்பின் முன்னுரையில் அவர் இதற்குப் பதில் சொல்கிறார். தான் கதை எழுதுகிறவன், கதைக்குள் கல்லுக்கு உயிர் வந்தால் அது கதை உலகத்தின் நியதி என்பது அவர் வாதத்தின் சாரம். கல்கியும் புதுமைப்பித்தனும் தழுவல் பற்றிப் போட்ட சண்டை ஊரறிந்தது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே கரையில் நிற்கிறார்கள். கதையில் ஆவி வந்ததா என்பதைவிட, ஆவி வந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் எப்படி இருந்தார்கள் என்பதுதான் எழுதுகிறவனுக்கு முக்கியம். 'காஞ்சனை'யை அந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். மனைவிக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கிற ஒருவனுடைய பயம் அது. அதைவிட நல்ல காதல் கதையை அவர் எழுதவில்லை என்றுகூட எனக்குத் தோன்றுவது உண்டு.

மறுபடி எங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் கொலு பொம்மை செய்கிற ஒரு தங்கை எங்களோடு படிக்கிறாள். அச்சில் களிமண் குழம்பை ஊற்றி, காய்ந்ததும் பிரித்து, பிசிறு தட்டி, சூளையில் வைத்து, கண் எழுதுவது வரை அவளுக்குத் தெரியும். சுகுமாரன் சிற்பியிடம் உளி பிடிக்கக் கற்கிற பகுதி அவளுக்கு ஒட்டவே இல்லை. "கல்லுல கை படாதவன் வந்த கொஞ்ச நாள்ல சிலை செதுக்கறதா? எங்க கடையில பிசிறு தட்டப் பழகவே பல மாசம் ஆவும்ணா" என்றாள். ஆனால் சிலை உயிரோடு எழுந்து பேசுவது பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கடைசியாகக் கண் எழுதும்போது பொம்மை தன்னைப் பார்ப்பது போல் இருக்கும், அதைத் தினமும் பார்க்கிறவளுக்கு இது என்ன புதுசு என்றாள். வேலையில் பொய் கூடாது, அதிசயத்தில் இருக்கலாம் என்கிற இந்தத் தராசு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. சிற்பக்கூடத்தை இன்னும் நாலு பக்கம் பொறுமையாக எழுதியிருந்தால், கல்கிக்கு அவளும் கிடைத்திருப்பாள்.

என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். எனக்கு 'மோகினித் தீவு' பிடித்திருக்கிறது. காதலர்கள் இருவரும் மாறி மாறிக் கதை சொல்கிற அந்த முறைக்காகவே பிடித்திருக்கிறது. நூற்றுக்கணக்கான வருஷம் ஒன்றாக இருந்த பிறகும், நடந்தது என்ன என்பதில் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவன் நினைவில் இருப்பது வேறு, அவள் நினைவில் இருப்பது வேறு. காதலை அப்படி எழுதியவர்கள் அதிகம் இல்லை. ஆனால் அந்தக் கல்லூரிப் பெண் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தகப்பனைக் காப்பாற்ற வந்தவன் எப்போது காதலனானான் என்பதைக் கல்கி வேகமாகத் தாண்டிப் போகிறார். பெரியவர் சொன்னதற்கும் நான் தலையாட்டத்தான் முடிந்தது. படைவீரன் வீட்டுக் கதை அந்தத் தீவில் கேட்காது.

நேயர்களே, உங்கள் ஊர் நூலகத்தில் கல்கி வரிசையில் தேடிப் பாருங்கள், தடித்த தொகுதிகளுக்கு நடுவில் இந்த ஒல்லிப் புத்தகம் இருக்கும். வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து படியுங்கள், முடிந்தால் ஒருவர் இளையவராக இருக்கட்டும். அடுத்த மாதத்துக்கு நாங்கள் எடுத்திருப்பது கல்கியின் 'சோலைமலை இளவரசி'. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் தலைமறைவான ஒருவன் இடிந்த கோட்டையில் ஒளிந்திருக்கும்போது முற்பிறவிக் காதலைக் காண்கிற கதை. முற்பிறவியிலாவது அந்தப் பெண்ணை ஒருவரும் ஏமாற்றாமல் இருக்கிறார்களா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கல்லூரிப் பெண் புத்தகத்தை எடுத்துப் போயிருக்கிறாள். கோட்டையைக் கட்டியவர்கள் யார் என்று பெரியவர் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.